இரட்டை உடல் படகில் இரண்டு மோட்டார்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

மண்டபம், பாம்பன் பக்கம் ஃபைபர் வள்ளத்தில் ஒற்றை அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும்) மோட்டார் மாட்டிப் பழகியவர்கள் இரட்டை உடல் படகைக் கையில் எடுத்ததும் தடுமாறுகிறார்கள். மோட்டாரில் எந்தக் குறையும் இருக்காது. விசிறியும் (புரொப்பல்லர்) புதிதாக இருக்கும். ஆனாலும் வேகம் வராது, திரும்பினால் மோட்டார் அலறும், எதிரலையில் முகத்தில் தண்ணீர் அடிக்கும். உடனே "அண்ணே, இன்ஜினில் சக்தி இல்லை, பெரிய மோட்டார் போட்டுவிடலாமா?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் தேவைப்படுவது பெரிய மோட்டார் அல்ல; ஒரு அளவுநாடாவும் ஒரு ஸ்பேனரும்தான்.

இரண்டு உடல், நடுவில் காற்றும் நுரையும் ஓடும் சுரங்கம், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு மோட்டார் என்பதுதான் இந்தப் படகின் அமைப்பு. சிக்கல் வருவதும் இதனால்தான், விடை கிடைப்பதும் இதனால்தான். ஒரே கடல், ஒரே பெட்ரோல், ஒரே சுமையில் ஓடும் இரண்டு மோட்டார்களில் ஒன்று மற்றொன்றுக்கு அளவுகோல். கோளாறு ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்த மோட்டாரைப் பாருங்கள். இரண்டு பக்கமும் என்றால் படகைப் பாருங்கள். கீழே வரும் எல்லாவற்றிலும் முதல் கேள்வி இதுதான்.

கரையில் செய்ய வேண்டியது

படகைச் சமதளத்தில் நிறுத்தி, ஒவ்வொரு உடலின் அடியிலும் நேரான அலுமினியப் பட்டையை ஒட்டிப் பிடித்துப் பின்னோக்கி நீட்டுங்கள். விசிறிக்கு மேலே கிடையாக நிற்கும் கேவிட்டேஷன் தகடு அந்தப் பட்டைக்கு மேலா, கீழா, எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்துக்கொள்ளுங்கள். தகடு பட்டைக்கு இணையாக இருக்கும்படி மோட்டாரின் சாய்மானத்தை முதலில் சரிசெய்துவிட்டு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் அளவு பொய் சொல்லும். இடது, வலது இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கட்டும்போதே பின்பலகை ஒரு பக்கம் சற்று உயர்ந்துவிட்ட படகுகள் உண்டு. பலகையின் மேல்விளிம்பிலிருந்து அளப்பவர்களுக்கு அது தெரியவே தெரியாது.

ஆரம்ப நிலையாகத் தகட்டை அடிப்பகுதிக்குச் சமமாக வையுங்கள். படகு கட்டியவர் வேறு அளவு கொடுத்திருந்தால் அவர் சொன்னதே சரி. மோட்டார் பிராக்கெட்டில் மேல் போல்ட்டுக்கான துளைகள் வழக்கமாக முக்கால் அங்குல இடைவெளியில், அதாவது 19 மில்லிமீட்டரில் இருக்கும். ஆகவே ஒரு துளை ஏற்றுவது, ஒரு துளை இறக்குவது என்பதே நம் கையில் உள்ள மிகச் சிறிய படி. இந்தச் சின்னப் படி எவ்வளவு வித்தியாசம் காட்டும் என்பது பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

சோதனை ஓட்டத்துக்கு இடமும் காலமும் பாருங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்; மண்டபத்தின் வடகரையில் பாக் விரிகுடா கரையோரமாகச் சமாளிக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழ். காற்று எழுவதற்கு முன் காலையில் ஓட்டிவிடுவது நல்லது. போகும் திசையில் ஒரு முறை, வந்த திசையில் ஒரு முறை ஓட்டி, ஜி.பி.எஸ். காட்டும் வேகங்களின் சராசரியை எடுங்கள். பாம்பன் கால்வாய்க்கு அருகே நீரோட்டம் இழுக்கும் இழுப்பில் ஒரு திசை வேகத்தை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தீவுகளை ஒட்டி வேகச் சோதனை வேண்டாம். பவளப்பாறை விசிறியை விடாது, வனத்துறை உங்களை விடாது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். உயரத்தையும் விசிறியையும் சேர்த்து மாற்றிவிட்டு "சரியாகிவிட்டது" என்பவருக்கு எது சரியானது என்று தெரியாது. மறுபடி கெட்டால் எங்கே தொடங்குவது என்றும் தெரியாது.

அறிகுறி: முழுத் திராட்டிலில் சுற்று எட்டவில்லை

முழுத் திராட்டிலில் மோட்டார் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற வரம்பு அதன் கையேட்டில் போட்டிருக்கும். பல நான்கு ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு அது 5000 முதல் 6000 வரை. வழக்கமான ஆட்கள், வழக்கமான பெட்ரோல், வழக்கமான சாமான்களோடு ஓட்டும்போது அந்த வரம்பின் மேல்பகுதியைத் தொட வேண்டும். 4700-இலேயே முக்குகிறது என்றால் அது மோட்டாரைக் கொல்லும் ஓட்டம். குறைந்த சுற்றில் அதிகப் பாரம் இழுப்பது, சுற்று கூடுவதைவிட மோசம்.

ஒரு பக்கம் மட்டும் எட்டவில்லையா? அந்தப் பக்கத்துத் திராட்டில் கம்பி முழுவதும் திறக்கிறதா என்று பாருங்கள். மூடியைக் கழற்றி, ஒருவர் லீவரை முன்னே தள்ள, மற்றவர் திராட்டில் நெம்புகோல் கடைசித் தடுப்பைத் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான். பிறகு பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றிச் சிறிது நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனி அடுக்காகத் தெளிந்து நிற்கும்.

இந்தத் தண்ணீர் விஷயம் இப்போது முன்பைவிட முக்கியம். பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். பெரும்பாலான அவுட்போர்டு மோட்டார் கையேடுகள் 10 சதவீதம் வரைதான் ஏற்கின்றன. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். உறிஞ்சும் குழாய் இருப்பதும் அதே அடியில்தான். நீண்ட நாள் நிறுத்திய படகின் பழைய பெட்ரோலை வைத்து மோட்டாரைச் சோதிப்பது வீண் வேலை. கையேட்டைப் பார்த்து, எத்தனால் குறைந்த பெட்ரோல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தேவைக்கு மட்டும் நிரப்பி, சீக்கிரம் செலவழித்து, தண்ணீர் பிரிக்கும் வடிகட்டியை அடிக்கடி மாற்றுங்கள்.

இரண்டு பக்கமும் எட்டவில்லையென்றால் முதலில் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள். தண்ணீரிலேயே கிடக்கும் படகில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கடலுயிர்) பிடிக்க அதிக நாள் ஆகாது. இரட்டை உடல் படகில் தண்ணீரைத் தொடும் பக்கங்கள் அதிகம் என்பதால் சிறிய கொட்டலசுக்கூட்டம்கூட வேகத்தைத் தின்றுவிடும். அடுத்தது பாரம். ஒல்லியான உடல்களுக்குப் பாரம் தாங்கும் திறன் குறைவு. 100 லிட்டர் பெட்ரோலே சுமார் 75 கிலோ. இவை இரண்டும் சரியாக இருந்தால்தான் விசிறியின் பிட்சை, அதாவது ஒரு சுற்றில் அது கணக்குப்படி முன்னேறும் தூரத்தை, குறைக்கும் பேச்சு. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால் சுற்று ஏறக்குறைய 150 முதல் 200 வரை கூடும்.

அறிகுறி: சுற்று எகிறுகிறது, வேகம் ஏறவில்லை

இந்தப் படகுகளில் அதிகம் வருவது இதுதான். மூன்று காரணங்கள் ஒரே மாதிரிச் சத்தம் போடும். பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதலில் நழுவலை, அதாவது விசிறி கணக்குப்படி தர வேண்டிய வேகத்தில் எவ்வளவு குறைகிறது என்பதை, கணக்கிடுங்கள். சுற்றைக் கியர் விகிதத்தால் வகுத்து, பிட்ச் அங்குலத்தால் பெருக்கி, 1215-ஆல் வகுத்தால் நழுவலே இல்லாத வேகம் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) கணக்கில் வரும். 5800 சுற்று, கியர் விகிதம் 2, பிட்ச் 17 என்றால் 40.6 நாட். ஜி.பி.எஸ். 35 காட்டினால் நழுவல் சுமார் 14 சதவீதம், கவலைப்பட ஒன்றுமில்லை. 28 காட்டினால் நழுவல் 30 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. எங்கோ கோளாறு இருக்கிறது.

முதல் காரணம், விசிறியின் நடுவில் உள்ள ரப்பர் புஷ் சுற்றிக்கொள்வது. விசிறியின் உள்வளையத்துக்கும் வெளிவளையத்துக்கும் குறுக்கே நேராக ஒரு பெயின்ட் கோடு இழுங்கள். ஒரு முறை வேகமாக ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு உடைந்து இரண்டாக விலகியிருந்தால் புஷ் போய்விட்டது. இதற்கு எந்த மெக்கானிக்கும் தேவையில்லை. பாறையிலோ மணல்திட்டிலோ தட்டிய விசிறியில் இதையே முதலில் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, விசிறி காற்றை இழுப்பது. மோட்டார் உயரமாக இருந்தால் மேற்பரப்பிலிருந்து காற்று இறங்கும். சத்தம் திடீரென்று ஏறும், திராட்டிலைக் குறைத்தால் உடனே பிடித்துக்கொள்ளும். ஒற்றை உடல் படகோடு ஒப்பிட்டால் இங்கே காற்றுக்கு இன்னொரு வாசலும் இருக்கிறது. சுரங்கத்திலிருந்து வெளிவரும் தண்ணீர் நுரைத்தே வரும். மோட்டாரை உடலின் நடுக்கோட்டிலிருந்து உள்பக்கமாகத் தள்ளி மாட்டினால் அந்த நுரையில்தான் விசிறி சுழலும். எத்தனை துளை இறக்கினாலும் முழுதாகத் தீராது. உடலின் நடுக்கோட்டுக்கு நேர் பின்னால், அடிப்பகுதி விட்டுச்செல்லும் கலங்காத தண்ணீரில் விசிறி நிற்க வேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் காற்று இழுத்தால் மோட்டாருக்கு முன்னால் குனிந்து பாருங்கள். கீழக்கரையிலிருந்து வந்த ஒரு படகில் வலது மோட்டார் மட்டும் 25 நாட்டுக்கு மேல் அலறிக்கொண்டிருந்தது. விசிறி மாற்றியிருந்தார்கள், கியர் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தார்கள். பின்பலகையின் கீழ்விளிம்பில், அந்த விசிறிக்கு நேர் முன்னால், கட்டைவிரல் நீளத்துக்கு மீன் காட்டும் கருவியின் சென்சார் துருத்திக்கொண்டிருந்தது. வேகத்தில் அதன் பின்னால் கிளம்பும் குமிழிகள் நேராக விசிறிக்குள். சென்சாரைச் சற்று உள்பக்கம் நகர்த்தி, பழைய திருகுத் துளைகளை எபாக்சியால் அடைத்ததும் அலறல் நின்றது. உடலின் அடியில் உள்ள எந்தக் குழாய் வாயும், ஒட்டுப்போட்ட மேடும், உடைந்த ஜெல்கோட் விளிம்பும் இதே வேலையைச் செய்யும்.

மூன்றாவது, உண்மையான கேவிட்டேஷன். இங்கே வெளிக்காற்று எதுவும் வருவதில்லை. இதழின் முன்பக்கத்தில் அழுத்தம் மிகக் குறைந்து தண்ணீரே ஆவியாகிக் குமிழி கட்டி, பிறகு உடைந்து உலோகத்தை அரிக்கும். விளிம்பு நசுங்கிய அல்லது வளைந்த விசிறியில் பார்க்கலாம். விசிறியைக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பிடியுங்கள். பெயின்ட் போய், குண்டூசியால் குத்தியதுபோல் சொரசொரப்பாக இருந்தால் அதுதான். அடித்து நிமிர்த்துவதோடு நிறுத்தாமல் பிட்ச் அளந்து சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

உயரத்தை முடிவுசெய்யும் முறை இது. ஒரு துளை ஏற்றி ஓட்டுங்கள். வேகம் கூடி, பிடிமானம் குறையாமல் இருந்தால் இன்னொரு துளை. விசிறி காற்றை இழுக்கத் தொடங்கியதும் ஒரு துளை இறக்கி அங்கேயே நிறுத்துங்கள். இந்தச் சோதனையைப் பாக் விரிகுடாவின் தட்டையான தண்ணீரில் மட்டும் செய்து முடிவெடுத்தால் மன்னார் வளைகுடா அலையில் அது நிலைக்காது. படகு எந்தக் கடலில் பிழைக்கப் போகிறதோ, அந்தக் கடலின் அலையில்தான் கடைசித் துளையை முடிவுசெய்ய வேண்டும்.

அறிகுறி: நேராகப் போகையில் சரி, திரும்பினால் ஒரு மோட்டார் அலறுகிறது

ஒற்றை உடல் படகு திரும்பும்போது உள்பக்கம் சாயும். இரட்டை உடல் படகு தட்டையாகத் திரும்பும், பல படகுகள் சற்று வெளிப்பக்கமே சாயும். அதனால் உள்பக்க உடல் தூக்கி, அந்த விசிறி காற்றை விழுங்கும். திரும்புவதற்கு முன் மோட்டார்களைக் கொஞ்சம் உள்ளே இழுத்து (விசிறி படகை நோக்கி வரும்படி சாய்த்து), வேகத்தைக் குறைத்துத் திரும்பினால் பாதிச் சிக்கல் தீரும். மீதிக்கு ஒரு துளை இறக்குங்கள், அல்லது விளிம்பு மடிப்பு அதிகமுள்ள நான்கு இதழ் விசிறிக்கு மாறுங்கள். உச்ச வேகத்தில் சற்று இழப்பு வரும். பயணிகளை ஏற்றும் படகுக்கு அது இழப்பே அல்ல என்பது என் கருத்து.

அறிகுறி: இரண்டு மோட்டார்களின் சுற்றும் ஒத்துப்போகவில்லை

நூறு, நூற்றைம்பது சுற்று வித்தியாசத்துக்குத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மேல் போனால் மாற்றிப்போட்டுப் பாருங்கள். பெட்ரோல் குழாய்களை இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றம் டேங்கிலோ குழாயிலோ இருக்கிறது. ஸ்பார்க் பிளக்குகளுக்கும் இதே முறை. விசிறிகளை மட்டும் இப்படி மாற்ற முடியாது: ஜோடி மோட்டார்களில் வழக்கமாக ஒன்று வலப்புறமும் மற்றது இடப்புறமும் சுழலும். சந்தேகமுள்ள பக்கத்துக்கு அதே சுழற்சியுள்ள மாற்று விசிறி ஒன்று வேண்டும். சுற்று காட்டும் மீட்டரையே நம்பிவிடவும் வேண்டாம். இரண்டு மீட்டர்களையும் இடம் மாற்றிப் பார்த்தால் மோட்டார் பொய் சொல்கிறதா, மீட்டர் பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: சூடு அலாரம் அடிக்கிறது

எப்போது அடிக்கிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. மெதுவாகப் போகும்போதே அடித்தால் தேய்ந்த இம்பெல்லரையும் (குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் ரப்பர் சக்கரம்) தெர்மோஸ்டாட்டையும் சந்தேகப்படுங்கள். வேகத்தில் மட்டும் அடித்தால் தண்ணீர் உறிஞ்சும் வாயில் அடைப்பு, அல்லது மோட்டார் அளவுக்கு மேல் உயர்ந்து தண்ணீரோடு காற்றையும் உறிஞ்சுகிறது. உயரம் ஏற்றும் சோதனை செய்பவர்கள் தண்ணீர் அழுத்த மீட்டர் இல்லாமல் இறங்கவே கூடாது. மிக உயரத்தில், இதழ் பாதி வெளியே தெரிய ஓடும் பந்தயப் படகுகளில் உறிஞ்சும் வாய் கியர் பெட்டியின் மூக்கில் தாழ்வாக இருக்கும். சாதாரண மோட்டாரில் அது இல்லை. அந்த உயரத்தைக் காப்பியடிக்க வேண்டாம்.

பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அடியில் கடற்புல் அதிகம். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் கரையோரம் ஓட்டினால் புல்லும் பாலித்தீன் பையும் உறிஞ்சும் வாயில் படியும், சேறு இம்பெல்லரைத் தேய்க்கும். புல்வெளிமேல் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் போங்கள். அது கடல் பசு மேயும் இடமும்கூட. அலாரம் அடித்தால் பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீய்ச்சுகிறதா என்று பார்த்து, அந்த மோட்டாரை நிறுத்திவிடுங்கள். மற்ற மோட்டாரில் மெதுவாகக் கரை சேரலாம். இரட்டை மோட்டாருக்குக் கொடுத்த காசு அங்கேதான் வசூலாகிறது.

விசிறியைக் கழற்றும்போதெல்லாம் அதன் பின்னால் தண்டில் நைலான் வலை நூல் சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். நம் கடலில் அது இல்லாத நாளே இல்லை. அங்குள்ள ஆயில் சீல் வளையத்தை நூல் அறுத்து, தண்ணீர் கியர் எண்ணெய்க்குள் போகும். எண்ணெய் வெளுத்துப் பாலாக வந்தால் ஓட்டத்தை நிறுத்துங்கள்.

அறிகுறி: அணியம் (படகின் முன்பகுதி) குதிக்கிறது, அல்லது சுரங்கம் தண்ணீரைத் துப்புகிறது

இரண்டும் எதிரெதிர். அணியம் தாளம் தவறாமல் மேலும் கீழும் குதித்தால் மோட்டார்கள் அதிகமாக வெளியே சாய்ந்திருக்கின்றன, அல்லது பின்னால் பாரம் அதிகம். குதிப்பு நிற்கும்வரை சிறிது சிறிதாக உள்ளே இழுங்கள். அணியம் தாழ்ந்து எதிரலையில் போகும்போது சுரங்கத்துக்குள் நெருக்கப்பட்ட காற்றும் தண்ணீரும் முன்பக்கமே பீறிட்டு ஓட்டுபவர் முகத்தில் அடித்தால், மோட்டார்களைச் சற்று வெளியே விடுங்கள், முன்னால் இருக்கும் நங்கூரத்தையும் பனிக்கட்டிப் பெட்டியையும் பின்னே நகர்த்துங்கள். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலோ குறைத்தாலோ நின்றுவிடுவதும் உண்டு. இடமும் வலமும் சாய்மானம் சமமாக இருக்க வேண்டும்; மீட்டரை நம்பாமல் கரையில் அளந்து, இரண்டு மீட்டர்களிலும் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

விசிறிகளின் மேல் இதழ்கள் வெளிநோக்கிச் சுழல்கின்றனவா, உள்நோக்கியா என்பதும் அணியத்தின் நிலையை மாற்றும். எது நல்லது என்று பொது விதி சொல்ல மாட்டேன். இரட்டை உடல் படகு கட்டுபவர்கள் உடலின் வடிவத்துக்கு ஏற்பத் தேர்ந்திருப்பார்கள். அவர்களைக் கேட்காமல் இடம் வலம் மாற்ற வேண்டாம்.

வேகத்துக்காகவே கட்டிய சுரங்கப் படகுகளுக்கு ஓர் எச்சரிக்கை. சுரங்கத்தில் நுழையும் காற்று படகைத் தூக்குகிறது. அந்தத் தூக்கலால்தான் அதன் வேகம். அணியம் ஓர் அளவைத் தாண்டி எழுந்தால் காற்று முழுப்படகையும் பின்னோக்கிப் புரட்டிவிடும். எதிர்க்காற்றில் சாய்மானத்தைக் கூட்டி வேகம் தேடாதீர்கள். உயிர்க்கவசமும், மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறும் உடம்போடு இருக்க வேண்டும். கயிறு டேஷ்போர்டில் தொங்குவதால் யாருக்கும் பயனில்லை.

அறிகுறி: நேர்கோட்டில் நிற்கவில்லை

மோட்டார்களை நேராக வைத்து, இரண்டு விசிறித் தண்டுகளின் மையங்களுக்கிடையே பின்னால் ஓர் அளவு, கியர் பெட்டி மூக்குகளுக்கிடையே முன்னால் ஓர் அளவு எடுங்கள். இரண்டும் சமமாக இருப்பதிலிருந்து தொடங்கி, இணைப்புத் தண்டைச் சிறிது சிறிதாகத் திருகிச் சோதியுங்கள். எதிரெதிராகச் சுழலும் ஜோடி என்றால் விசிறிக்கு மேலுள்ள சிறிய துடுப்புத் தகடுகள் நடுவில் நிற்க வேண்டும். அப்படியும் ஒரு பக்கம் இழுத்தால் பெட்ரோல் ஒரு டேங்கில் மட்டும் காலியாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டீயரிங் பஞ்சுபோல் அமுங்கினால் ஹைட்ராலிக் குழாயில் காற்று.

அறிகுறி: ஒரு மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை

பாதுகாப்புக் கயிறு மாட்டியிருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, பேட்டரி முனைகளில் உப்புப் பூத்திருக்கிறதா, பெட்ரோல் பல்ப் (குழாயில் உள்ள ரப்பர் உருண்டை) அமுக்கினால் கெட்டியாகிறதா என்று பாருங்கள். பல்ப் சப்பையாகவே கிடந்தால் டேங்கின் காற்றுத் திருகு மூடியிருக்கும். இவ்வளவும் சரியென்றால் மட்டும் மெக்கானிக்குக்குப் போன் செய்யுங்கள்.